கட்டணத் திருத்தம்

எட்டு வருடங்களாக அவள் ஒரு நல்ல நாளைத் தேடிக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு பார்க்கவில்லை. அவள் தொழில் பிழை திருத்துவது. ஒரு பெரிய பதிப்பகம் அனுப்பும் புத்தகங்களை வரி வரியாகப் படித்து, தப்பைப் பிடித்து, திருப்பி அனுப்புவாள். பக்கத்துக்கு முப்பது. எட்டு வருடத்துக்கு முன்னாலும் முப்பது, இன்றைக்கும் முப்பது. ஊரில் ஊசி முதல் உருளைக்கிழங்கு வரை எல்லாம் ஏறிவிட்டது, அவள் ஒருத்திதான் ஏறவில்லை. மேலாளரிடம் போய் "ஏத்திக் கொடுங்க" என்று இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான் விஷயம். எப்போது சொல்வது என்பதில்தான் எட்டு வருடம் ஓடிவிட்டது.

வருடத் தொடக்கத்தில் கேட்கலாம் என்றால், அப்போது அவர்கள் கணக்கு முடிக்கிறார்கள், எரிந்து விழுவார்கள். பள்ளிகள் திறக்கும்போது அவர்களுக்குத் தலைக்கு மேல் வேலை. அந்த நேரத்தில் காசு பேசினால் கழுத்தைப் பிடித்த மாதிரி ஆகிவிடும். அது முடிந்துவிட்டால் வேலையே இல்லை, வேலை இல்லாதபோது யாராவது கூலியை ஏற்றச் சொல்வார்களா? ஒரு வருடம் மேலாளருக்குப் பல்வலி. மறு வருடம் அவர் ரொம்பச் சந்தோஷமாக இருந்தார், அதைக் கெடுக்க இவளுக்கு மனம் வரவில்லை. கேட்கத் தகுந்த நாள்களை நாள்காட்டியில் பென்சிலால் வட்டமிடுவாள், அந்த நாள் வந்ததும் ரப்பரால் அழிப்பாள். அழித்து அழித்துச் சில தேதிகள் ஓட்டையாகவே போய்விட்டன.

பதிப்பகத்தில் அவளுக்கு ஒற்றம்மா என்று பெயர். காரணம் இருக்கிறது. 'தயிர் கடை' என்று எழுதினால் தயிரைக் கடையச் சொல்வது. 'தயிர்க் கடை' என்று எழுதினால் தயிர் விற்கிற கடை. நடுவில் நிற்கிற அந்தப் புள்ளி வைத்த எழுத்துதான் ஒற்று. அது வர வேண்டிய இடத்தில் வராவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. ஒருமுறை மூவாயிரம் பிரதி அச்சாகி, கட்டி, வண்டியில் ஏற்றியான பிறகு, அட்டையில் ஒரு ஒற்று விடுபட்டுவிட்டதென்று போன் செய்து, அத்தனையையும் கூழாக்க வைத்தவள் அவள். அன்றிலிருந்து அந்த அலுவலகத்தில் ஒரு விதியே போட்டுவிட்டார்கள்: அச்சான தாளில் ஒற்றம்மா ஒரு பிழை சொன்னால் அந்தத் தாள் செல்லாது, மறுபடி முதலிலிருந்து. ஒரு மெய்யெழுத்துக்காக மூவாயிரம் புத்தகத்தைக் கொல்லத் தைரியம் உண்டு. தனக்காக ஒரு வாக்கியம் பேசத் தைரியம் இல்லை. இந்தப் பெண்ணை என்ன சொல்வது!

இப்படியே ஒன்பதாவது வருடமும் போயிருக்கும். ஆனால் சலவைக்கடை அக்கா விடவில்லை.

சலவைக்கடைக்கு மேலே ஒரு சின்ன அறை. ஒரு மேசை, ஒரு ஜன்னல், உள்ளேயிருந்து போட்டுக்கொள்ளத் தாழ்ப்பாள். அதைத்தான் அவள் இரண்டு வருடமாக வாடகைக்கு எடுத்து வேலை பார்க்கிறாள். அதற்கு முன்பு வீட்டில் சாப்பாட்டு மேசைதான் அலுவலகம். அவள் புருஷன் வண்டி ஓட்டக் கற்றுக் கொடுக்கிறவர். அதே கூடத்தில்தான் மாணவர்களை உட்காரவைத்துப் பாடம் எடுப்பார். மெதுவாகப் பேசத் தெரியாத மனுஷன். அந்தக் காலத்தில் இவள் திருத்தி அனுப்பிய தோட்டக்கலைப் புத்தகம் ஒன்றில், 'ரோஜாச் செடிக்கு நீர் ஊற்றி, கண்ணாடியைப் பார்த்து, கிளட்சை மெதுவாக விடவும்' என்று அச்சாகிவிட்டது. எழுதியவர் எழுதாத வரி அது, இவள் காதில் விழுந்து கை வழியாக இறங்கிய வரி. அந்த அவமானத்தில் மூன்று நாள் படுத்தே கிடந்தாள். எழுந்ததும் முதல் வேலையாக அறை தேடினாள்.

அந்த அறைக்குத்தான் இப்போது ஆபத்து. மாதம் பிறந்த இரண்டாம் நாள், சலவைக்கடை அக்கா இஸ்திரிப் பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னாள்: "அடுத்த மாசத்துலேர்ந்து வாடகை ஏறுது. முடிஞ்சா இரு, முடியாதுன்னா முப்பதாம் தேதிக்குள்ள சொல்லிடு. வேற ஆள் கேட்டிருக்காங்க."

ஒரு சட்டைக் கையை நீவி முடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. 'சிரமம் இல்லையென்றால்' இல்லை, 'தப்பா நினைக்காதே' இல்லை. ஒற்றம்மாவுக்கு வாடகை ஏறிய வருத்தம் ஒரு பக்கம் இருக்கட்டும், இப்படியும் சொல்லலாமா என்கிற ஆச்சரியம்தான் பெரிதாக இருந்தது. மாடிக்குப் போய்க் கணக்குப் போட்டுப் பார்த்தாள். பக்கத்துக்கு ஐம்பது வந்தால் அறை இருக்கும். இல்லாவிட்டால் மறுபடி சாப்பாட்டு மேசை, மறுபடி கிளட்ச்.

விஷயத்தைக் கேட்டதும் நாத்தனார் ஓடி வந்தாள். அவள் வீட்டிலேயே அழகு நிலையம் நடத்துகிறவள். புருவம் திருத்த வந்தவர்கள் கண்ணை மூடிப் படுத்திருக்கும்போதே விலையை ஏற்றிவிடுவாள், எழுந்து ஓடவா முடியும்?

"அண்ணி, நேர்ல போய்க் கேளுங்க. முதல்ல வீட்டுல ஒத்திகை பார்த்துக்கலாம். அண்ணா, நீதான் மேலாளர். அந்த நாற்காலில உட்காரு."

புருஷன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கையில் ஒரு பேனாவும் எடுத்துக்கொண்டார். "சொல்லுங்கம்மா, என்ன விஷயம்?"

"ஒரு சின்ன விஷயம் சார்..."

"அய்யோ அண்ணி! சின்னதுன்னு நீங்களே சொல்லிட்டா அந்த ஆள் ஏன் பெருசா நினைக்கப் போறாரு?"

"சரி, சரி. சார், என் கட்டணம்... எட்டு வருஷமா..."

புருஷன் பெருமூச்சு விட்டார். எங்கிருந்துதான் வந்ததோ அந்த மூச்சு, ஐம்பது ஆண்டு வியாபாரம் பார்த்தவன் விடுகிற மூச்சு. "எங்க கஷ்டம் உங்களுக்குத் தெரியாததா? காகிதம் ஏறிப்போச்சு. மை ஏறிப்போச்சு. போன வாரம் லிஃப்ட் வேற நின்னுபோச்சு."

"அப்படியா சார்? பாவம், மாடிப்படி ஏறியா வர்றீங்க?"

"என்ன பண்றது? உங்கள மாதிரி நல்லவங்க இருக்கறதாலதான் கடை ஓடுது. ஒண்ணு பண்ணலாம்மா. உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். இருபத்தெட்டுன்னு வெச்சுக்கலாமா?"

"சரி சார்" என்றாள் ஒற்றம்மா.

புருஷன் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "பார்த்தியா! ரெண்டு ரூபா குறைச்சிட்டேன்!" நாத்தனார் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள். "இவங்கள அனுப்பினா அவங்களுக்கே காசு கொடுத்துட்டு வருவாங்க. அண்ணி, நீங்க வாயைத் திறக்கவே வேண்டாம். எழுதி அனுப்பிடுங்க."

எழுதுவதற்கு மூன்று நாள் பிடித்தது. ஒரு பக்கக் கடிதம். அதில் நலம் விசாரிப்பு ஐந்து வரி, மன்னிப்பு நான்கு இடத்தில், 'சிரமம் இல்லையென்றால்' இரண்டு தடவை. ஐம்பது என்கிற விஷயம் கடைசிக்கு முந்தின வரியில், அடைப்புக்குறிக்குள், போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்திருந்தது. எல்லாவற்றையும்விடத் தலைப்புத்தான் பாடாய்ப் படுத்தியது. 'உயர்வு' என்று போட்டால் அகங்காரம் மாதிரி இருந்தது. 'ஏற்றம்' என்றால் லாரியில் மூட்டை ஏற்றுவது மாதிரி. 'மாற்றம்' என்று போட்டால் குறைக்கச் சொல்கிறாள் என்று நினைத்துக் குறைத்துவிட்டால்? கடைசியில் ஒரு சொல் அகப்பட்டது. பேருந்துக் கட்டணம் ஏறும்போதெல்லாம் அதிகாரிகள் கூசாமல் பயன்படுத்துகிற சொல். மெத்தென்று, மரியாதையாக, யாரையும் குத்தாமல் இருந்தது. அவளுக்குச் சோறு போடுகிற சொல்லும் அதுதான். 'பொருள்: கட்டணத் திருத்தம்' என்று போட்டு அனுப்பிவிட்டு, போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை பதில் வந்தது. அவள் கடிதமே திரும்பி வந்திருந்தது. மேலே ஒரு சீட்டு: 'பணி: திருத்தம். பக்கம்: ஒன்று. அவசரம்.'

அந்த அலுவலகத்தில் வருகிற தாளையெல்லாம் பிரித்துக் கொடுக்க ஒரு ஒதுக்கீட்டுக்காரர் உண்டு. முதல் வரிக்கு மேல் எதையும் படிக்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. முதல் வரியில் 'படம்' என்று இருந்தால் ஓவியருக்கு. 'கணக்கு' என்று இருந்தால் கீழ்மாடிக்கு. 'திருத்தம்' என்று இருந்தால் ஒற்றம்மாவுக்கு. இருபது வருடமாக இதில் ஒரு பிசகு வந்ததில்லை என்று அவருக்குப் பெருமை வேறு. ஒற்றம்மா அவருக்குப் போன் போட்டாள்.

"சார், இது என் கடிதம். நான் மேலாளருக்கு எழுதினது."

"ஆமாங்க. உங்க பேர் போட்டுத்தான் வந்திருக்கு. அதான் உங்களுக்கே ஒதுக்கிட்டேன்."

"இல்ல சார், இது திருத்தறதுக்கு இல்ல. திருத்தம்னா... திருத்தம் இல்ல."

"திருத்தம்னு எழுதியிருக்கே?"

"எழுதியிருக்கு. ஆனா அது வேற திருத்தம்."

"இங்க ஒரே திருத்தம்தாங்க. வேண்டாம்னா பணியை ரத்து பண்ணலாம். அதுக்கு மேலாளர் இதைப் படிச்சுக் கையெழுத்துப் போடணும். மேலே அனுப்பட்டுமா?"

அனுப்புங்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் கண் பழக்கதோஷத்தில் தாளில் ஓடியது. ஓடிய கண் அடைப்புக்குறிக்குள் போய் இடறி விழுந்தது. 'பக்கத்துக்கு கட்டணம்' என்று இருந்தது. 'பக்கத்துக்குக்' என்று இருக்க வேண்டாமா? ஒற்று எங்கே? தொகையை எழுதும்போது பயத்தில் ஒரு 'க்' விடுபட்டிருக்கிறது. அவள் கையால்! ஒற்றம்மாவின் கையால்! இதை மேலாளர் பார்த்தால் ஐம்பது இருக்கட்டும், முப்பதும் போய்விடும்.

"வேண்டாம் சார். நானே திருத்தி அனுப்பிடறேன்" என்றாள். திருத்தி அனுப்பினாள். கூடவே வழக்கம்போல ஒரு பக்கத்துக்கான கூலிச் சீட்டும் வைத்தாள், முப்பது. இப்படி, கட்டணத்தை ஏற்றச் சொல்லும் கடிதத்தைப் பழைய கட்டணத்துக்கே திருத்திக் கொடுத்த ஒரே ஆள் உலகத்தில் அவளாகத்தான் இருப்பாள்.

அந்தப் பதிப்பகத்தில் எதுவும் ஒரு திருத்தத்தோடு நிற்காது. முதல் திருத்தம், இரண்டாம் திருத்தம், இறுதித் திருத்தம் என்று மூன்று சுற்று. முதல் சுற்று முடிந்தால் தாள் பதிப்பாசிரியரிடம் போகும். ஒற்றம்மா பார்த்தேயிராத அம்மா அவர், ஓரத்தில் எழுதும் குறிப்புகளால் மட்டுமே பழக்கம். பெரிய பெரிய எழுத்தாளர்களெல்லாம் அந்தக் குறிப்புகளைக் கண்டு வேர்ப்பார்கள் என்று பேச்சு. நான்காம் நாள் கடிதம் திரும்பி வந்தபோது ஓரமெல்லாம் பச்சை மை.

'இந்தப் பெண் எதற்காக மன்னிப்புக் கேட்கிறார்? என்ன குற்றம் செய்தார்? வாசகருக்குப் புரியவில்லை. நான்கையும் நீக்கவும்.'

'"சிரமம் இல்லையென்றால்" என்கிறார். சிரமம் இருந்தால் என்ன செய்வார்? நீக்கவும்.'

'நலம் விசாரிப்பில் கதை நகரவே இல்லை.'

'முக்கியமான செய்தி அடைப்புக்குறிக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது. வெளியே வரச் சொல்லவும்.'

படிக்கப் படிக்க ஒற்றம்மாவுக்குக் காது சுட்டது. இதெல்லாம் என் மரியாதை, இதையெல்லாம் எடுத்துவிட்டால் நான் எப்படி அவர் முகத்தில் முழிப்பது என்று அறைச் சுவரிடம் சண்டை போட்டாள். ஆனால் தொழில் தொழில்தான். பதிப்பாசிரியர் நீக்கவும் என்றால் நீக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு மன்னிப்பாக அடித்தாள். முதலாவதை அடிக்க அரைமணி நேரம் ஆயிற்று. நான்காவதை அடிக்கும்போது, வெட்கத்தை விட்டுச் சொல்வதென்றால், கொஞ்சம் இனிக்கவே செய்தது. மீதி மூன்று வரி. அனுப்பினாள். இன்னொரு முப்பது.

இறுதிச் சுற்று இருபத்துமூன்றாம் தேதி வந்தது. இந்தத் தடவை இரண்டே குறிப்பு. 'கட்டணம் ஐம்பதாக இருந்தால் நலம்' என்ற வரிக்குப் பக்கத்தில்: 'இது ஆசையா, செய்தியா? முடிவு செய்யவும்.' அதற்குக் கீழே: 'எப்போதிலிருந்து? தேதியே இல்லையே.'

ஒற்றம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். எட்டு வருடமாக அவளை யாரும் கேட்காத கேள்வி. அவளே அவளைக் கேட்டுக்கொள்ளாத கேள்வி. கேட்கும் நாளைத்தான் அவள் தேடினாளே தவிர, ஏறும் நாள் எது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. கீழே கடையில் இஸ்திரிப் பெட்டி ஈரத்துணி மேல் உஸ்ஸென்று சீறியது. சலவைக்கடை அக்கா யாரிடமோ, "இன்னைலேர்ந்து பட்டுத்துணிக்குத் தனி விலை" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த யாரோ ஒன்றும் செத்துப்போகவில்லை. "சரி, சீக்கிரம் கொடு" என்றுதான் சொன்னார்.

ஒற்றம்மா பேனாவை எடுத்தாள். தலைப்போடு மூன்று வரியையும் அடித்தாள். புதிதாக ஒரே வரி எழுதினாள்: 'அடுத்த மாதம் முதல் பக்கத்துக்குக் கட்டணம் ஐம்பது.' ஒற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள், இருந்தது. அன்று மத்தியானம் அவளுக்கு நன்றாகப் பசித்தது.

அதன் பிறகு வண்டி தானாகவே ஓடியது. பதிப்பாசிரியர் ஓரத்தில் 'பிரமாதம்' என்று எழுதினார், அவர் யாருக்கும் எழுதாத சொல். மேலாளர் அன்றைக்குக் கையெழுத்துக்கு வந்த நாற்பது தாளோடு இதையும் சேர்த்து, போனில் பேசிக்கொண்டே, 'அச்சிடலாம்' என்று போட்டுக் கையெழுத்துப் போட்டார். வடிவமைப்பாளர் ஒரே வரிதானே என்று எழுத்தைப் பூசணிக்காய் அளவுக்குப் பெரிதாக்கினார். ஒரு வரி மட்டும் உள்ள தாள் என்றால் சுற்றறிக்கையாகத்தான் இருக்கும் என்று அச்சகம் முடிவு கட்டியது. ஐந்நூறு பிரதிக்குக் குறைந்து அவர்கள் அச்சடிப்பதில்லை. ஒதுக்கீட்டுக்காரர் முதல் வரியைப் படித்தார், அது கடைசி வரியாகவும் இருந்ததால் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு தாளை முழுசாகப் படித்து முடித்தார். படித்துவிட்டு, வெளியிலிருந்து பக்கக் கணக்கில் வேலை செய்கிற அத்தனை பேருக்கும் அனுப்பிவைத்தார்.

முப்பதாம் தேதி காலை ஒற்றம்மாவின் அறைக்கும் ஒரு பிரதி வந்தது. மேலாளரின் கையெழுத்தோடு, பளபளவென்று, மணமணக்கும் மையோடு. உறையைப் பிரித்தவள் முகம் மலர்ந்தது. மலர்ந்த முகம் அப்படியே உறைந்தது.

'அடுத்த மாதம் முதல் பக்கத்துக்கு கட்டணம் ஐம்பது.'

வரி தாளுக்குள் அடங்கவில்லை என்று வடிவமைப்பாளர் தேவையில்லாத எழுத்து ஒன்றை எடுத்துவிட்டிருக்கிறார். தேவையில்லாத எழுத்து! எத்தனை பேர் பார்த்திருப்பார்களோ. ஐந்நூறு ஒற்று விழுந்து கிடக்கிறது. உடனே சொல்லியாக வேண்டும் என்று கை போனுக்குப் போனது. போன் அதற்குள் தானாகவே அடித்தது.

மேலாளர். "அம்மா, இங்க என்ன நடக்குதுன்னே தெரியல. காலையிலேர்ந்து பதினொரு பேர் போன் பண்ணி நன்றி சொல்லிட்டாங்க. ஓவியர் அழுதே அழுதுட்டார். நானும் எதுக்குன்னே தெரியாம, 'பரவாயில்ல, பரவாயில்ல'ன்னு சொல்லிட்டிருக்கேன். இப்பதான் தாளைப் பார்க்கறேன், என் கையெழுத்து!"

"ஆமாங்க" என்றாள்.

"நன்றி சொன்னவங்ககிட்ட இல்லேன்னு எப்படிச் சொல்றது? வெட்கக்கேடு. ஒரே ஒரு வழிதான் இருக்கு." அவர் குரலைத் தாழ்த்தினார். "அச்சுல நீங்க ஒரு பிழை சொல்லிட்டா தாள் செல்லாது. மறுபடி முதல்லேர்ந்து பேசிக்கலாம், நிதானமா, வருஷக் கடைசில, ஒரு நல்ல நாள் பார்த்து. உங்க கண்ணுக்குத் தப்பாதுன்னு எனக்குத் தெரியும். பார்த்துச் சொல்லுங்கம்மா. இதுல ஏதாவது திருத்தம் இருக்கா?"

ஒற்றம்மா தாளைப் பார்த்தாள். 'பக்கத்துக்கு'வுக்கும் 'கட்டண'த்துக்கும் நடுவில் ஒரு வெள்ளை இடம். உலகத்தில் வேறு யார் கண்ணுக்கும் தெரியாத இடம். அவளுக்கோ பல் விழுந்த வாய் மாதிரி அது ஒன்றுதான் தெரிந்தது. ஒரு சொல் சொன்னால் போதும், அந்த ஒற்று எழுந்து வந்து தன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். அறை போய்விடும். நன்றி சொன்ன பதினொரு பேரின் ஐம்பதும் போய்விடும். நாள்காட்டியில் மறுபடி வட்டம், மறுபடி ரப்பர்.

அவளுக்குக் கண்ணில் நீர்கூடக் கட்டிவிட்டது, சிரிக்காதீர்கள், நிஜமாகவே கட்டியது.

"இல்லைங்க" என்றாள். "இதுல திருத்தம் எதுவும் இல்லை."

"நல்லாப் பார்த்தீங்களா?"

"எட்டு வருஷமாப் பார்த்திருக்கேன் சார்."

போனை வைத்தாள். பிறகு படியிறங்கிக் கீழே போனாள். சலவைக்கடை அக்கா ஒரு வேட்டியை உதறிக்கொண்டிருந்தாள்.

"அறை எனக்கு வேணும்க்கா. புது வாடகை தரேன்."

"சரி. அடுத்த வருஷமும் ஏத்துவேன், இப்பவே சொல்லிட்டேன்."

"ஏத்துங்க. நானும் ஏத்துவேன்" என்றாள் ஒற்றம்மா. சொன்ன பிறகுதான், அதைச் சொன்னது தான்தான் என்று அவளுக்கே உறைத்தது.

மேலே வந்து கதவைத் தாழிட்டாள். சுற்றறிக்கையை மேசைக்கு எதிர்ச் சுவரில் ஒட்டினாள். ஒரு நிமிடம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள், பொறுக்க முடியவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்து, நாற்காலியில் ஏறி, அந்த வெள்ளை இடத்தில் ஒரு 'க்' எழுதி, புள்ளியை அழுத்தி வைத்தாள். பிறகு இறங்கி உட்கார்ந்து, காத்திருந்த புத்தகத்தின் முதல் பக்கத்தைப் பிரித்தாள்.